மாஸ்டருக்குப் பின்னால் வந்தவர்கள்

என் அக்கா வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மாஸ்டர்தான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஒரே ஒரு கார், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, சுவரில் சிக்னல் படம் போட்ட ஒரு சார்ட், இவ்வளவுதான் ஸ்கூல். ஆனால் எங்கள் பக்கத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவர் கையால் தேறியவர்கள். பல் டாக்டர், நகைக்கடை மானேஜர், இரண்டு கல்லூரி முதல்வர்கள் எல்லாரும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வியர்த்து வடிந்திருக்கிறார்கள்.

அவருடைய மூலதனம் குரல். எதிரே லாரி வந்தாலும் சரி, குறுக்கே மாடு வந்தாலும் சரி, அந்தக் குரல் ஒரே சுருதியில் இருக்கும். "மெதுவா. அவசரமே இல்ல. பயப்படாதீங்க, நான் இருக்கேன்." அதைக் கேட்டால் பிடி தானாகத் தளர்ந்துவிடும் என்று பல் டாக்டர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

வீட்டில் எங்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி வேறு. அத்தானைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்க்க முடியாது. லிஃப்டில் ஏற மாட்டார். பக்கத்து வீட்டு நாய் வாசலில் படுத்திருந்தால் பின்பக்கமாக வீட்டுக்குள் வருவார். எல்லாவற்றையும்விட, புரியாத எதற்கும் "புரியல" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. தலையை ஆட்டிவிடுவார். சலூனில் ஒருமுறை அப்படித் தலையாட்டி மீசையையே இழந்து வந்தார்.

அக்கா அதற்கு நேர்மாறு. ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்கார்ந்து ஆயிரம் பேரைச் சமாளித்தவள். இங்கிலீஷும் ஓரளவு பேசிச் சமாளிப்பாள்.

மகளுக்கு வெளிநாட்டில் பிரசவம் நெருங்கியது. இருவரும் கிளம்பினார்கள். நடுவில் ஒரு பெரிய நகரத்தில் விமானம் மாற வேண்டும். காலையில் இறங்கினால் அடுத்த விமானம் இரவில்தான். விமானக் கம்பெனிக்காரர்களே ஒரு ஹோட்டலில் ரூம் கொடுத்து, சாயங்காலம் வண்டி வைத்துத் திரும்பக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அந்த ஒரு பகலில் நடந்ததை அக்கா ஒரு மாதிரியும் அத்தான் ஒரு மாதிரியும் சொல்வார்கள். இரண்டையும் கூட்டி வகுத்து நான் சொல்கிறேன்.

விமான நிலையத்திலேயே அத்தான் ஒரு தடவை தொலைந்துபோனார். பழுப்பு நிறச் சால்வை போட்ட ஒரு அம்மாவை அக்கா என்று நினைத்துப் பெண்கள் கழிப்பறை வாசல்வரை பின்னாலேயே போய்விட்டார். அங்கிருந்து அவரை மீட்டு வந்த அக்கா கைப்பையிலிருந்து தன் சிவப்புக் குடையை எடுத்துக் கொடுத்தாள்.

"இத மடக்கியே தூக்கிப் பிடிச்சுக்குங்க. நீங்க எங்க இருந்தாலும் எனக்குத் தெரியணும்."

"எல்லாரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும். நான்தான் பாக்கணும்."

ஹோட்டலில் ரூம் எட்டாவது மாடியில். அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு லிஃப்டில் போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்தால் உள்ளே கும்மிருட்டு. எந்த ஸ்விட்சைத் தட்டியும் விளக்கு எரியவில்லை. கரண்ட் வரும்வரை காத்திருப்போம் என்று இருவரும் இருட்டில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்கள். வெகு நேரம் கழித்துத் துண்டு மாற்ற வந்த பணிப்பெண், இவர்கள் கையிலிருந்த சாவி அட்டையை வாங்கிச் சுவரிலிருந்த ஒரு பிளவில் செருகினாள். விளக்கு எரிந்தது, டிவி பேசியது, திரைச்சீலை தானாக விலகியது. சன்னலுக்கு வெளியே நகரம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்துகிடந்தது. தூரத்தில் ஆறும் ஆற்றின் மேல் ஒரு பாலமும் தெரிந்தன.

"அந்தப் பாலத்த மட்டும் பாத்துட்டு வந்துரலாம்" என்றாள் அக்கா.

"இங்கேருந்தே நல்லாத் தெரியுதே."

அக்கா செருப்பை மாட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அத்தானுக்குத் தெரியும்.

கீழே இறங்கி வாசலுக்கு வந்ததும் சால்வையை மறந்துவிட்டது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. "இங்கயே நில்லுங்க, குடைய இறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். அத்தான் வாசல்படியில் விறைப்பாக நின்று குடையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். கிளாசுக்குப் போகும் அதே வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கறுப்புப் பேண்ட். அக்கா திரும்பி வந்தபோது அவரைச் சுற்றி அரைவட்டமாகப் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் வயதானவர்கள். துணித் தொப்பி, வசதியான ஷூ, கழுத்தில் தொங்கும் சின்ன டப்பா, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர்.

"யாருங்க இவங்கெல்லாம்?"

"தெரியல. அந்தம்மா ஏதோ கேட்டாங்க. தலையாட்டினேன்."

"எதுக்குத் தலையாட்டினீங்க?"

அதற்கும் அத்தான் தலையைத்தான் ஆட்டினார்.

இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள். பின்னால் முப்பது ஷூக்கள் நடக்கும் சத்தம். தெருமுனையில் அத்தான் வேகத்தைக் கூட்டினார். ஷூக்களும் கூட்டின. சட்டென்று நின்றார். எல்லாம் நின்றன. அவர் நின்ற இடத்துக்கு எதிரே, கதவடைத்த ஒரு கட்டடமும் அதன் ஓரத்தில் மின்சாரப் பெட்டி ஒன்றும் இருந்தன. எல்லாரும் அந்த மின்சாரப் பெட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"ஏதோ கணக்குல நம்மள டூர் கைடுன்னு நெனச்சுட்டாங்க" என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

"சொல்லிப் புரிய வையேன். நீதான் இங்கிலீஷ் பேசுவியே."

அக்கா பேசிப் பார்த்தாள். அவர்களுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை. அவர்களும் அந்த ஊர்க்காரர்கள் இல்லை, வேறு ஏதோ நாட்டிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர்கள் என்பது மட்டும் தெரிந்தது. கையில் ஃபிளாஸ்க் வைத்திருந்த ஒரு குண்டம்மா, அக்கா பேசி முடித்ததும் அன்பாக அவள் தோளைத் தட்டிக்கொடுத்து ஒரு கப் சூடாக ஊற்றி நீட்டினார். அத்தான் தன் பங்குக்கு முன்னால் வந்து, "நோ கைடு. ஒன்லி டிரைவிங் ஸ்கூல்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ஸ்டியரிங் திருப்புவதுபோலச் செய்தார். எல்லாரும் ரசித்துக் கைதட்டினார்கள். கழுத்து நீண்டிருந்ததால் அக்கா கொக்கு என்று பெயர் வைத்த ஒரு பெரியவர், தானும் ஸ்டியரிங் திருப்பிக் காட்டினார்.

அத்தானின் ஷூ லேஸ் அவிழ்ந்தது. குனிந்து கட்டினார். அவர் காலடியில் இருந்த சாக்கடை மூடியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கொக்கு முழங்காலிட்டு அதன் மேல் பொறித்திருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

அதற்கப்புறம் ஒரு அகலமான சாலை வந்தது. வண்டிகள் எல்லாம் அத்தானுக்குப் பழகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடின. ஜன்மம் முழுவதையும் சாலையில் கழித்த மனிதர் அந்த ஓரத்தில் கால் எடுத்து வைக்க முடியாமல் நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்தாள். அத்தான் திரும்பிப் பார்த்தார். அவரைவிடப் பயந்த முகங்கள் பின்னால் நின்றன. ஃபிளாஸ்க் அம்மா கொக்கின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த முகங்கள் அத்தானுக்குப் பழக்கமானவை. தினம் காலையில் அவர் காரில் ஏறி உட்காரும் முகங்கள். அவருக்கே தெரியாமல் குரல் வெளியே வந்தது.

"அவசரமே இல்ல. முதல்ல ரெண்டு பக்கமும் பாக்கறோம். அந்த பஸ் போகட்டும். அவன் போகட்டும், நமக்கென்ன. இப்ப மெதுவா நகர்றோம். நின்னுடாதீங்க, நடுவுல நிக்கவே கூடாது. பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினார். கூட்டம் வாத்துக் குஞ்சுகள்போல ஒட்டிக்கொண்டே பின்னால் வந்தது. ஒரு லாரிக்காரன் வண்டியை நிறுத்தி, மரியாதையாகக் காத்திருந்தான். எதிர்ப்பக்கம் ஏறியதும் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அந்த மூச்சில் அத்தானுடையதும் இருந்தது.

அதன் பிறகு வழியில் பார்த்தவர்களும் சேர ஆரம்பித்தார்கள். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு ஜோடி, முதுகுப்பை மாட்டிய இரண்டு பெண்கள். குடையும் கூட்டமும் இருந்தால் ஏதோ நல்லதாகப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"இவங்கள எங்கயாவது விட்டுட்டுப் போயிரலாம்" என்றார் அத்தான்.

"எப்படிங்க விடறது? இந்த வயசுல, இந்த ஊர்ல?"

"நமக்கு மட்டும் இந்த ஊரு தெரியுமா?"

"அது அவங்களுக்குத் தெரியாதே."

ஏதாவது ஒரு கடைக்குள் புகுந்து வேறு வாசல் வழியாக நழுவிவிடலாம் என்பது அத்தானின் திட்டம். ஆனால் புகுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த கடை தப்பாகிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் விதவிதமான ஸ்டியரிங் வளையங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. வண்டி உதிரி பாகங்கள் விற்கும் கடை. உள்ளே நடுக்கூடத்தில், ஒரு முழு என்ஜினையும் கியர் பாக்ஸையும் குறுக்கே அறுத்து, உள்ளே இருப்பது தெரியும்படி வண்ணம் பூசி, மேடை மேல் வைத்திருந்தார்கள். அதோடு இணைத்து ஒரு சீட், மூன்று பெடல், ஒரு கியர் கம்பி. பெடலை மிதித்தால் உள்ளே ஒவ்வொன்றும் எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம்.

அத்தான் நழுவுவதை மறந்தார். வாழ்நாள் முழுக்க வாயால் சொல்லிச் சொல்லிப் புரியவைக்கப் பாடுபட்ட பொருள் வயிற்றைத் திறந்துகொண்டு எதிரே நிற்கிறது. குடையை அக்காவிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"பாருங்க, இதுதான் கிளட்ச் பிளேட். இது என்ஜின் கூட ஒட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் ரெண்டும் சேர்ந்து சுத்தும். பெடல மிதிச்சா, பாத்தீங்களா, பிரிஞ்சுடுது. புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரி. கியர் மாத்தணும்னா கொஞ்ச நேரம் பிரிஞ்சு இருக்கணும். திரும்பச் சேர்க்கும்போது படக்குனு சேர்க்கக் கூடாது. மெதுவா."

கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பேசினார். ஒருவர்கூட அசையவில்லை. கடைக்காரர் முதலில் கல்லாவை மூடிவிட்டுக் கோபமாக வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய், முதியவர்களுக்கு நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார். ஃபிளாஸ்க் அம்மா சீட்டில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்து, கியரை ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளினார். "சபாஷ். அவ்வளவுதான் விஷயம்" என்றார் அத்தான். கொக்கு இரண்டாவது கியரில் தடுமாறினார். அவர் கை மேல் கை வைத்து அத்தான் தள்ளிக் காட்டினார்.

எல்லாரும் முடித்த பிறகு அக்கா குடையைக் கொக்கின் கையில் கொடுத்துவிட்டுச் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்த அத்தானால் அக்காவுக்கு மட்டும் கற்றுக்கொடுக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் முயற்சி பண்ணினார். எந்த மாணவரிடமும் உயர்த்தாத குரலை அவளிடம் மட்டும் உயர்த்தினார். மூன்றாவது நாள் அக்கா நடுரோட்டில் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு அந்த வீட்டில் எடுக்கப்படவில்லை.

இப்போது சீட்டில் உட்கார்ந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள். "கிளட்ச்ச எப்ப விடணும் மாஸ்டர்?"

அத்தான் ஒரு நொடி தடுமாறினார். சுற்றிலும் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாதி வரைக்கும் வாங்க மேடம். கால்ல ஒரு நடுக்கம் தெரியும். அங்க நில்லுங்க. அந்த நடுக்கம் வண்டியோடது, உங்களோடது இல்ல."

அக்கா பெடலைப் பாதி விட்டு நிறுத்தினாள். உள்ளே பிளேட் மெல்லத் தொட்டது. கூட்டம் கைதட்டியது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். கையில் சிவப்புக் குடை. அவள்தான் நிஜமான கைடு. காலையில் அவள் வந்த ரயில் தாமதம். சிவப்புக் குடைக்காரர் பின்னால் போங்கள் என்று ஹோட்டலில் இந்தப் பெரியவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். இவர்களும் போய்விட்டார்கள். அவள் காலையிலிருந்து ஊரெல்லாம் தேடியிருக்கிறாள்.

அக்காவும் அவளும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் அந்தக் காது வயரின் மர்மம் விளங்கியது. கைடு தன் மைக்கில் பேசினால் அது இவர்கள் மொழியில் காதில் கேட்க வேண்டும். காலையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தன் டப்பா மட்டும்தான் ரிப்பேர், மற்றவர்களுக்கெல்லாம் நன்றாகக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சொன்னால் கௌரவக் குறைச்சல். அதனால் அத்தான் தமிழில் சொன்னதற்கெல்லாம் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள். இதை அக்கா சொன்னதும் அத்தானுக்கு அவர்கள் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. எல்லாரும் தன் ஜாதிதான் என்றார்.

விவகாரம் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கைடு தன் குடையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். ஒருவரும் நகரவில்லை. அவள் தன் மைக்கில் ஏதோ சொன்னாள். டப்பாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. எல்லாரும் திடுக்கிட்டார்கள். ஃபிளாஸ்க் அம்மா தொந்தரவு தாங்காமல் வயரைக் காதிலிருந்து பிடுங்கிவிட்டு அத்தானைப் பார்த்தார். கொக்கு முன்னால் வந்து கைடிடம் ரொம்ப நேரம் பேசினார். கைடின் முகம் சிவந்தது.

"என்ன சொல்றாரு?" என்று அக்கா அவளிடம் கேட்டாள்.

"இவரே போதும்னு சொல்றாரு. இவர் அமைதியா இருக்காராம்" என்று அந்தப் பெண் இங்கிலீஷில் சொன்னாள். அழுதுவிடுவாள் போல இருந்தது.

கடைசியில் அக்காதான் சமரசம் செய்தாள். அத்தான் முன்னால் நடப்பார், கைடு அவர் பக்கத்தில் நடந்து வழி காட்டுவாள். இரண்டு சிவப்புக் குடைகள் சேர்ந்து நகர்ந்தன. அவள் ஒவ்வொரு கட்டடத்தையும் காட்டி, யார் எப்போது கட்டியது, எந்த மன்னன் எந்த மன்னனைச் சிறை வைத்தான் என்று மூச்சு விடாமல் சொல்வாள். சொல்லி முடித்ததும் எல்லாரும் அத்தானைப் பார்ப்பார்கள். அத்தான் தலையை ஆட்டுவார். அதற்குப் பிறகுதான் நம்புவார்கள். ஒரு சிலைக்கு முன்னால் அத்தான் தலையாட்ட மறந்துபோனார். கொக்கு அந்தச் சிலையைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போட்டோ எடுக்காமல் நகர்ந்தார்.

பாலத்துக்கு வந்தார்கள். கீழே அகலமான ஆறு, படகுகள், காற்று. கைடு நீளமாக ஏதோ சொன்னாள். முகங்கள் அத்தான் பக்கம் திரும்பின. தலையாட்டினால் மட்டும் போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இது பாலம்" என்றார். "எங்க வீட்டம்மா பாக்கணும்னு சொன்னாங்க. வந்துட்டோம்."

எல்லாரும் கைப்பிடியில் சாய்ந்து, ரொம்ப நேரம் ஆற்றைப் பார்த்தார்கள். அக்கா என்னிடம் எதையுமே கூட்டிச் சொல்வாள், ஆனால் இந்த இடத்தில் மட்டும் குறைத்துத்தான் சொல்வாள். "நல்ல காத்துடா" என்பதோடு சரி.

வழியில் சேர்ந்தவர்கள் பாலத்தோடு பிரிந்துபோனார்கள். மற்றவர்களைத் திரும்ப ஹோட்டலுக்குக் கூட்டிவந்தது கைடுதான். விமான நிலைய வண்டி வாசலில் நின்றது. அத்தானும் அக்காவும் பைகளை எடுத்துக்கொண்டு வந்து ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் கொக்கு ஏறினார். கொக்குக்குப் பின்னால் ஃபிளாஸ்க் அம்மா. அப்படியே வரிசையாக எல்லாரும் ஏறிச் சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். டிரைவர் தலையில் கையை வைத்தார். கைடு ஒவ்வொருவராகக் கெஞ்சிக் கீழே இறக்கினாள். இறங்குகிறவர்கள் அத்தானிடம் கை குலுக்கினார்கள். ஒருவர் தன் துணித் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்துவிட்டுப் போனார். கடைசியில் ஃபிளாஸ்க் அம்மா மட்டும் எழுந்திருக்க மறுத்து உட்கார்ந்திருந்தார்.

அத்தான் அவர் பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்தார். கடைசி நாள் கிளாஸ் முடிந்ததும் ஒவ்வொரு மாணவரிடமும் சொல்கிற வார்த்தைகளை அதே குரலில் சொன்னார்.

"இனிமே நான் வேண்டாம்மா. நீங்களே ஓட்டலாம். தப்பு வரும், பரவால்ல. நிதானமாப் போனா எல்லாம் சரியாயிடும்."

அந்த அம்மா ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு தானாக இறங்கிப் போனார்.

வண்டி கிளம்பியது. அக்கா சன்னல் வழியாகக் கையசைத்துவிட்டு நேராக உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு பேசினாள்.

"ஊருக்குப் போனதும் நானும் சேந்துக்கலாம்னு இருக்கேன்."

அத்தான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "காலையில இடம் இல்ல. சாயங்காலம் வாங்க."

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் இருந்து பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். வரும்போது விமானம் வேறு வழியாக வந்ததால் அந்த நகரத்தைப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

அக்கா சொன்னபடி சேர்ந்தாள். மற்றவர்களைப் போலவே அடையாள அட்டைக்குப் போட்டோ கொடுத்தாள், மற்றவர்களைப் போலவே மாடிப்படிக்குக் கீழே தன் முறைக்குக் காத்திருந்தாள். காரில் அவள் மேடம், அவர் மாஸ்டர். முதல் டெஸ்ட்டில் கம்பத்தில் இடித்துத் தோற்றாள். அடுத்ததில் தேறினாள். தேறுவதற்கு முந்தைய வாரம் ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். கார் வாசலில் வந்து நின்றது. அத்தான் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துக்கொண்டே, "பசிக்குது, சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டார்.

அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "கிளாஸ் இன்னும் முடியல மாஸ்டர். உக்காருங்க" என்றாள். அத்தான் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். கார் தெருக்கோடியில் திரும்பி மறைந்தது. பசியோடு நானும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.